அய்யாவும் மகனும் எட்டு நாளும்

பயமுறுத்துகிற நாவல் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று யார் கேட்டாலும், நான் பேய்க்கதை கொடுப்பதில்லை. பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுக்கிறேன். தமிழில் இப்படி ஒரு பழிவாங்கும் கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை. எத்தனை முறை எடுத்தாலும் கீழே வைக்க மனசு வராது!

1982இல் வந்த சின்ன நாவல்தான். தொடங்கும்போதே ரத்தம் கொட்டிவிடுகிறது. வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிப்போட நினைத்த பதினைந்து வயதுச் சிதம்பரம், ஆளையே கொன்றுவிட்டு இருட்டில் ஓடுகிறான். வடக்கூரான் யார்? பணமும் செல்வாக்கும் உள்ளவன். ஏழைபாழைகளின் நிலத்தை வளைத்துப்போடுகிறவன். தராமல் முறைத்து நின்ற சிதம்பரத்தின் குடும்பத்தில் மூத்த பையனையே காவு வாங்கியவன். போலீசும் சட்டமும் யார் பக்கம் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். சாதியைப் பெயர் சொல்லிக் குறிக்காமலே அத்தனையையும் நமக்குப் புரியவைத்துவிடுகிறார் பூமணி.

வேறொருவர் எழுதியிருந்தால் அந்தக் கொலையைக் கடைசி அத்தியாயத்துக்கு வைத்திருப்பார். இங்கே அது முடிந்த பிறகுதான் கதையே. அய்யாவும் மகனும் எட்டு நாள் காடுமேடெல்லாம் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எதைச் சுட்டுத் தின்பது, ஆத்தாவும் தங்கச்சியும் எப்படி இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இவ்வளவுதான் பேச்சு. அந்தச் சாதாரணப் பேச்சுக்கு அடியில் ஓடுகிற பயம் இருக்கிறதே, அப்பப்பா! கொய்யாத்தோப்பில் காவலுக்குப் போட்ட கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன். பக்கத்துத் தோப்பு நாய் குரைத்தபோதெல்லாம் சிதம்பரத்தைப் பிடிக்க ஆள் வந்துவிட்டது என்றே நெஞ்சு அடித்துக்கொண்டது.

நாவலில் வரும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேறு, வரதமாநதி பாயும் எங்கள் ஆயக்குடி மண் வேறு. ஆனாலும், நிலத்தைக் கொடுக்கிறாயா இல்லையா என்று வாசலில் வந்து நிற்கிற ஆளை எங்களுக்கும் தெரியும். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களையும் தெரியும். அதனால்தானோ என்னவோ, இங்கே யாருக்குக் கொடுத்தாலும் நாவலைப் பற்றிப் பேச வந்தவர்கள் சொந்தக் கதையில் போய் நிற்கிறார்கள்.

பழிவாங்கும் கதைகளில் ஸ்டீபன் கிங்கின் முதல் நாவல் ‘கேரி’யும் (1974) எனக்குப் பிடிக்கும். சிற்றூரில் எல்லோருடைய கேலிக்கும் ஆளான பள்ளிப் பெண், தன்மேல் பன்றி ரத்தம் கொட்டப்பட்டதும் ஊரையே அழித்துத் தீர்க்கிறாள். அவளுக்கு, மனதால் நினைத்தே எதையும் நகர்த்துகிற சக்தி உண்டு. சிதம்பரத்துக்கு அய்யா மட்டும்தான். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்துக் கதை சொல்லி, வயிற்றுக்குத் தேடிக் கொடுத்து, அடுத்த அடி எங்கே வைப்பது என்று சொல்லித்தருகிற அந்த மனுசனைப் படித்துத்தான் நான் அழுதேன். இத்தனை கொடூரத்துக்கு நடுவே இத்தனை பாசத்தை ஒரு எழுத்தாளர் எப்படிக் கொண்டுவந்து வைத்தார் என்பது இன்றுவரை எனக்குப் பெரிய ஆச்சரியம்.

2019இல் வெற்றிமாறன் ‘வெக்கை’யைத்தான் ‘அசுரன்’ ஆக்கினார். தனுஷுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். நல்ல படம், மறுக்கவே மாட்டேன். ஆனால் அதில் அப்பா சிவசாமிதான் நாயகன். நாவலில் பையனின் பக்கத்திலேயே நாம் நடக்கிறோம், அவன் பசியும் நமக்குத்தான், அவன் தூக்கமும் நமக்குத்தான். ‘படம் பார்த்தாச்சே’ என்பவர்களை நான் விடுவதே இல்லை.

பூமணிக்கு 2014இல் சாகித்ய அகாதமி விருது வந்தது ‘அஞ்ஞாடி’க்கு. தலையணை கனத்துக்கு இருக்கும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘வெக்கை’யை ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். ஆயக்குடிப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், கொடுப்பதற்கென்றே கூடுதல் பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். பூமணியின் ‘பிறகு’ நாவலையும் சேர்த்துத் தருகிறேன்.