ஹென்ட்ரிக்ஸ் பொம்மை: முகம் சரி, கிடார் தப்பு

சேகரிப்புப் பொம்மைகளைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் பார்ப்பது முகத்தை. "அப்படியே இருக்கு", "ஜாடை வரலை" என்று இரண்டு வார்த்தையில் தீர்ப்பு முடிந்துவிடும். நடிகரின் பொம்மைக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். வாத்தியம் வாசிக்கிறவரின் பொம்மைக்கு அது போதாது என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். அதை ஒரு பொம்மையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

பொம்மை, ஜிமி ஹென்ட்ரிக்ஸ். நண்பர் ஒருவரின் அலமாரியில் இருந்ததை இரண்டு வாரம் கடன் வாங்கி மேசைமேல் வைத்திருந்தேன். ஆறில் ஒரு பங்கு அளவு, கிட்டத்தட்ட 30 செ.மீ. உயரம். தயாரித்த கம்பெனியின் பெயர் வேண்டாம். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய தப்பு இது.

பொம்மை காட்டுவது 1969 வுட்ஸ்டாக் விழாவை. ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. விழா ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்க வேண்டியது, இழுத்துக்கொண்டே போய் கடைசி ஆளாக ஹென்ட்ரிக்ஸ் மேடையேறும்போது கூட்டத்தில் பெரும்பகுதி ஊருக்குக் கிளம்பியிருந்தது. அமெரிக்க தேசிய கீதத்தை அவர் கிடாரில் அலறவிட்டது அன்றைக்குத்தான். வெள்ளைத் தோலில் குஞ்சம் தொங்கும் மேல்சட்டை, நீல ஜீன்ஸ், தலையில் சிவப்புத் துணி, கையில் வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர். இந்தக் கோலம் எல்லோருக்கும் மனப்பாடம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகம் பிரமாதம். வாயை லேசாகத் திறந்து, கண்ணைப் பாதி மூடி, வாசிப்புக்குள் போய்விட்ட முகம். தோலின் நிறத்தில் உழைத்திருக்கிறார்கள். கறுப்பினக் கலைஞர்களின் பொம்மைகளில் ஒரே பழுப்பை வழித்து அடித்துவிட்டுப் போவது பழைய வியாதி. இதில் கன்னத்தில் ஒரு நிறம், கண்ணுக்குக் கீழே ஒரு நிறம், உள்ளங்கையில் வெளிர் நிறம் என்று பிரித்துப் பார்த்து அடித்திருக்கிறார்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் கோடு காதுக்குப் பின்னால்கூடத் தெரியவில்லை. சட்டைக் குஞ்சங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக விழுகின்றன. சும்மா சொல்லக்கூடாது, இதுவரை நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம்.

அப்புறம் கிடாரைப் பார்த்தேன்.

ஹென்ட்ரிக்ஸ் இடதுகைக்காரர். அவர் வாசித்தது பெரும்பாலும் வலதுகைக்காரர்களுக்காகச் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதைத் தலைகீழாகப் புரட்டிப் பிடித்து, தந்திகளை மட்டும் தன் கைக்கு ஏற்றபடி வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். வலதுகை கிடாரைப் புரட்டினால் என்ன ஆகும் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். மேலே இருக்க வேண்டிய சுருதிச் சாவிகள் தரையைப் பார்க்கும். கீழே இருக்க வேண்டிய குமிழ்கள் மேலே வரும். வயர் செருகும் துளை மேல் பக்கம் வரும். உடலின் இரண்டு கொம்புகளில் நீளமானது கீழே போகும், வாரைக் குட்டைக் கொம்பில் மாட்ட வேண்டியிருக்கும். வாமி பாரும் மேலே ஏறிவிடும்.

பொம்மையின் கிடாரில் இது எதுவுமே இல்லை. சாவிகள் மேலே, குமிழ்கள் கீழே, நீளக் கொம்பு மேலே. அதாவது, இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த கிடாரைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். எப்படி நடந்திருக்கும் என்பது என் ஊகம்தான்: கணினியில் கிடாரின் வடிவத்தைச் செய்திருப்பார்கள், 'இவர் இடதுகை' என்று யாரோ நினைவுபடுத்தியிருப்பார்கள், ஒரு பொத்தானை அமுக்கி மொத்தத்தையும் கண்ணாடிப் பிம்பமாக்கியிருப்பார்கள். புரட்டுவது வேறு, பிம்பமாக்குவது வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், கிடாரின் விரல்பலகை வெளிர் மேப்பிள் மரம் என்பதைக் கவனித்துச் சரியான நிறத்தில் செய்திருக்கிறார்கள். நிறம் பார்த்த கண் திசையைப் பார்க்கவில்லை.

"பொம்மைதானே, இதெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சட்டையில் ஒரு குஞ்சம் குறைந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் இந்தத் தப்பு அலங்காரத்தில் வந்ததல்ல, அவருடைய சத்தத்தையே தொடுகிற தப்பு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பாலத்தை ஒட்டிய பிக்கப் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். வழக்கமாகப் பிடித்தால் மெல்லிய தந்திகள் பாலத்துக்கு அருகில் ஒலி எடுக்கப்படும், தடித்தவை சற்றுத் தள்ளி. புரட்டினால் இது மாறிவிடும். தடித்த தந்திகள் பாலத்தின் பக்கம் போய் அவற்றின் ஒலி கூர்மையாகும், மெல்லியவற்றின் ஒலி கொஞ்சம் உருண்டு வரும். பிக்கப்பில் உள்ள காந்தங்களும் ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு உயரம். புரட்டியதும் அந்தக் கணக்கும் கலைந்துவிடும். வாமி பார் மேலே வந்துவிடுவதால் அதைப் பிடித்து அமுக்கும் விதமும் வேறு. தேசிய கீதத்துக்கு நடுவே குண்டு விழும் சத்தமாக அவர் தந்திகளைத் தொய்யவிட்டது அந்தப் பாரை வைத்துத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு ஒருவரின் கைக்காகச் செய்த பொருளை வாங்கி, புரட்டிப் போட்டு, தன்னுடையதாக்கிக்கொண்ட ஆள் அவர். அந்தத் தலைகீழ் கிடாரே ஒரு வாழ்க்கைக் குறிப்பு. அதைச் 'சரியாக்கி' கையில் கொடுத்தால் அவர் யாரோ ஒரு இடதுகை கிடார்காரர் ஆகிவிடுகிறார், முகம் எவ்வளவு பொருந்தினாலும் சரி.

கைகளுக்கு வருவோம். ஹென்ட்ரிக்ஸின் விரல்கள் நீளம். கட்டை விரலைக் கிடாரின் கழுத்துக்குப் பின்னாலிருந்து மேலே கொண்டுவந்து தடித்த தந்தியை அமுக்கிக்கொள்வார், மற்ற நான்கு விரல்களும் மேலே விளையாடச் சுதந்திரமாக இருக்கும். அவர் வாசிப்பில் ஒரே ஆள் இரண்டு பேர் வேலை செய்வது போலக் கேட்பதற்கு இது ஒரு காரணம். பொம்மையின் வலது கை கழுத்தை சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறது. நான்கு விரலும் ஒரே மடிப்பு, எந்த விரலும் எந்தத் தந்தியையும் தொடவில்லை. இந்த அளவில் விரல்களைச் செய்வது கஷ்டம் என்பது உண்மை. நிஜக் கிடாரின் கழுத்து மேல்முனையில் ஏறக்குறைய 42 மி.மீ. அகலம், பொம்மையில் அது 7 மி.மீ. ஆனாலும் முகத்தில் இமை மயிர் வரைக்கும் வரைந்தவர்களுக்கு ஒரு கட்டை விரலை மேலே ஏற்றி வைக்கவா முடியாது?

மன்னிக்க வேண்டியதை மன்னித்துவிடலாம். தந்திகள் நிஜ விகிதத்தில் இல்லை. மிக மெல்லிய தந்தி நிஜத்திலேயே சுமார் கால் மி.மீ. அதை ஆறால் வகுத்தால் தலைமுடியை விட மெலிதாகும். எந்தத் தொழிற்சாலையாலும் அதைக் கட்ட முடியாது, கட்டினாலும் ஒரு நாள் தாங்காது. கொஞ்சம் தடிமனான நூலைக் கட்டியிருக்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. கழுத்து லேசாக வளைந்திருக்கிறது. மென்மையான பிளாஸ்டிக்கில் இது சகஜம், வெந்நீரில் முக்கி நிமிர்த்திக்கொள்ளலாம். பொருளின் எல்லையால் வரும் குறை ஒரு வகை, பார்க்காததால் வரும் குறை இன்னொரு வகை. மதிப்பெண் குறைக்க வேண்டியது இரண்டாவதுக்குத்தான்.

ஆகவே நான் பார்க்கும் வரிசை இது: முதலில் வாத்தியம், அடுத்து அதைத் தொடும் விரல்கள், அடுத்து உடம்பு அந்தக் கனத்தைத் தாங்கி நிற்கும் விதம், கடைசியில் முகம். முகத்தைத் துணியால் மூடிவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஆள் யாரென்று தெரிந்தால் அது நல்ல பொம்மை. இந்தப் பொம்மையின் முகத்தை மூடினால் மிஞ்சுவது குஞ்சம் வைத்த ஒரு வெள்ளைச் சட்டைதான்.

வாங்கலாமா என்று கேட்டால், முகத்துக்காக வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், அந்த வேலைக்கு அந்தக் காசு தகும். நண்பரிடம் திருப்பிக் கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இனிமே இதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாவிதான் கண்ணில் படும்" என்றார். அதற்கு மட்டும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.