பளிங்கும் குறிப்பும்

உலகத்தார் உறவெல்லாம் மாயை, மாயையாவது பொய்த்தோற்றம், ஆதலின் ஒருவர் முகத்தானும் கண்ணானும் உணர்த்தும் குறிப்பும் பொய்யே என்பாருளர். இக்கொள்கை சித்தாந்தத்திற்கு இயையுமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

நம் நூல்களில் மாயை உள்பொருள். தனு, கரண, புவன, போகங்கட்கு முதற்காரணம். ஆணவவிருளிற் கிடந்த உயிர்க்கு விளக்கென உதவுவது. வாக்கும் அதன் காரியமே. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்கினுள் பிறர் செவிக்குப் புலனாவது வைகரி ஒன்றே. ஏனைய மூன்றும் கேளாமைபற்றி இல்லாதனவாகா. எனவே, வாய் திறவாதவழியும் உள்ளத்தே சொல் உண்டென்பது துணிபு.

அதனைப் பிறர் உணருமாறு யாங்ஙனம்? திருவள்ளுவனார் 'குறிப்பறிதல்' என ஒரே பெயரால் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். இது கூறியது கூறலாமோ எனின், ஆகாது. 71-ஆம் அதிகாரத்தில் அமைச்சன் அறிவோன், அரசன் அறியப்படுவோன். 110-ஆம் அதிகாரத்திலோ காதலர் இருவரிடத்தும் நோக்கு நிகழும். முன்னையதில், நெஞ்சின் மிகுதியை முகம் காட்டுதற்குப் பளிங்கு உவமையாயிற்று. நம் ஆசிரியரோ, சார்ந்ததன் வண்ணமாம் உயிர்க்கும் அப்பளிங்கையே உவமை கூறினர். இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குக. காணப்படும் முகம் பளிங்கு. காணும் உயிரும் பளிங்கு. அவாவுற்றான் பிறர் முகத்தில் தன் அவாவின் நிறத்தையே கண்டு, அவர் குறிப்பு இதுவென மயங்குவான். ஐயுற்றானுக்கு வாளாவிருத்தலும் பகையாகத் தோன்றும். குற்றம் குறிப்பின்மேலதன்று, அறிவை மறைத்த ஆணவத்தின்மேலது. மாயை மயக்கஞ் செய்வதும் அதனோடு கூடியவழியே என்க.

அற்றேல், குறிப்பறிதற்கு உறுதி யாதெனின், 110-ஆம் அதிகாரத்து இறுதிக் குறள் அதனைக் காட்டும். வாய்ச்சொல் பயனின்றென ஆசிரியர் வாளா கூறிற்றிலர். இருவர் நோக்கும் ஒத்தவிடத்தே அங்ஙனமாம் என்றார். ஒருவர் தாமே துணிந்தது ஒப்பாகாது. இதனை ஓராமையாலன்றோ கணவனும் மனைவியும், தந்தையும் மகனும், 'அவர் உள்ளம் யான் அறிவேன்' என்று ஒரு சொல்லும் வினவாது, பல்லாண்டு ஓரில்லத்தே பிரிந்து வாழ்கின்றனர்!

அற்றன்று, கல்லால நீழலில் இறைவன் மோனத்தாலன்றோ உணர்த்தினான் எனின், சரியை, கிரியை, யோகங்களைச் சொல்லால் அருளிய பின்னரே, பக்குவமுற்ற நால்வர்க்கு ஞானத்தைச் சின்முத்திரையால் காட்டினன் என்பது கந்தபுராணத்தால் அறியப்படும். அம்மோனம் சொல்லின் நிறைவு, சொல்லின் குறையன்று. சொல்லவேண்டுவதைச் சொல்லாதொழிந்து அதற்கு மோனமெனப் பெயரிடுதல் சைவநன்மக்கட்கு அழகன்று.

திருச்சிற்றம்பலம்.