மௌனமும் அறுவடையும்

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மொன்ரே கசினோவில் மடம் நிறுவிய அர்ச். ஆசீர்வாதப்பர் (பெனடிக்ற்), தம் துறவிகளுக்கு 73 அதிகாரங்களில் ஓர் ஒழுங்குநூல் எழுதினார். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர் சபையின் மடங்கள் பல, வெளியாருக்குத் தியான நாட்களும் ஆன்மீகப் பயிற்சி வகுப்புகளும் நடத்துகின்றன. களைத்த நகரவாசிகள் கட்டணமோ காணிக்கையோ செலுத்திச் சில நாள் மௌனம் பெற்று மீளுகின்றனர்.

களைத்தவர் ஓய்வை நாடுவது குற்றமன்று. ஆயின் அந்நூலில் மௌனம் தனித்து நிற்கவில்லை. 48ஆம் அதிகாரம் கையுழைப்புக்கும் ஞானவாசிப்புக்கும் நேரம் வகுக்கிறது. 53ஆம் அதிகாரம் ஏழைகளையும் யாத்திரிகரையும் விசேஷமாக வரவேற்கப் பணிக்கிறது. உழைப்பையும் ஏழையையும் வாயிலில் நிறுத்திவிட்டு மௌனத்தை மட்டும் வழங்கினால், அது நூலைப் பாதியாக வாசிப்பதாகும்.

நூலையும் நாம் கண்மூடிப் போற்றவேண்டியதில்லை. வறுமையால் துறவிகளே அறுவடை செய்ய நேரின் வருந்தலாகாது என அதே 48ஆம் அதிகாரம் தேற்றுகிறது. அங்ஙனமாயின், வசதியுள்ள மடத்தின் வயலில் அரிவாள் பிடித்த கை எவருடையது? அக்கைக்கு அந்நூலில் ஓர் அதிகாரமில்லை.

தியானத்துக்குச் செல்லும் நண்பர்கள் செல்லட்டும். தம் மௌனத்துக்காக உழைப்பவர் யார் என்ற வினாவையும் உடன்கொண்டு செல்லட்டும்.