கழற்றும் கை

அமெரிக்க வீடுகளின் குளியலறைக் கூரையில் பதித்திருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டுவதைவிட, பழையதைக் கழற்றுவதற்கே கூடுதல் கைத்திறன் வேண்டும் என்பேன். மாட்டுகிறவருக்குக் கையில் வரைபடம் உண்டு. கழற்றுகிறவரோ முன்னவர் செய்ததை ஊகித்துத்தான் பிரிக்க வேண்டும். பிரேக்கரை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்தபின் மூடியைக் கீழே இழுத்தால், பெரும்பாலும் 'வி' வடிவக் கம்பி ஸ்பிரிங்குகள் இரண்டு தெரியும். அவற்றை விரலால் சேர்த்து அழுத்தினால் மூடி கையோடு வரும். சாம்பல் நிறத் தூசியும் கொத்தாக உதிரும். மோட்டாரின் பிளக்கை உருவி, தகட்டோடு எடுப்பதுவரை எளிது. மிஞ்சும் தகரப் பெட்டிதான் சோதனை. அதை மரச்சட்டத்தில் ஆணியடித்து இறுக்கியிருப்பார்கள். பக்கவாட்டில் 3 அல்லது 4 அங்குலக் குழாய் டேப்பால் ஒட்டியிருக்கும்.

குப்பைக்குப் போகும் சாமானுக்கு இவ்வளவு பக்குவம் எதற்கு, ரம்பத்தால் அறுத்துத் தள்ளலாமே என்பார்கள். துருவேறிய ஆணியை அறுக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி போனாலும் சுற்றியுள்ள ஜிப்சம் பலகையும் குழாயும் ஒயரும் அங்கேயேதான் இருக்கப்போகின்றன. பலகையின் ஓரம் அதிகம் பெயர்ந்தால் புதிய மூடி அதை மறைக்காது. குழாய் கிழிந்தால் ஈரக்காற்று பரணுக்குள் தங்கி மரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் விவரமானவர், பெட்டி விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே இறுகிய பெயின்ட்டை முதலில் கத்தியால் கீறிவிடுகிறார். பரணுக்கு வழியிருந்தால் மேலேயிருந்து பிரிப்பது இன்னும் நல்லது. பழைய குழாய் 3 அங்குலமாக இருந்து, புது ஃபேன் 4 அங்குலம் கேட்டால் மட்டும், அது தனி வேலை.