மஞ்சள்தான் முத்திரை

சுற்றுச்சூழல் இயக்கத்துக்குச் சின்னம் என்றால் பச்சை இலை, பூமி உருண்டை, அதைத் தாங்கும் இரு கைகள் என்றுதான் பலரும் வரைவார்கள். 2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்கு அந்தச் சிரமமே இல்லை. பைதான் சின்னம், மஞ்சள்தான் முத்திரை.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய புதுச்சேரிக் கிராமமான மடுகரையிலும் அதற்கு விளக்கவுரை வேண்டாம். கல்யாணப் பையில் மணமக்கள் பெயர், ஜவுளிக்கடைப் பையில் கடையின் பெயர். எழுத்து மாறும், மஞ்சள் மாறாது. அழுக்கானால் துவைக்கலாம், நைந்துபோனால் அடுப்படித் துணியாக்கலாம்.

ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு வந்தவரைப் பட்டிக்காட்டான் என்றார்கள். அந்தக் கேலியையே பெருமையாகத் திருப்பிப் போட்டதுதான் இந்த வடிவமைப்பின் சாமர்த்தியம்.