முதிரையின் முகம் பார்க்க வேண்டுமா?

ஜெயபுரத்தில் எங்கள் வீட்டுப் பத்திக்குள் பிளேனர் மெசின் வந்ததிலிருந்து, மரவேலை எனக்குத் திருவிழாவாகிவிட்டது!

கழற்றிப்போட்ட பழைய கதவின் முதிரைப் பலகையை உள்ளே விட்டுப் பாருங்கள். உருளை தானே பற்றி இழுக்கும், மேலே சுழலும் கத்தி படை படையாய்ச் சீவும். கறுத்துப்போய் உள்ளே நுழைந்த பலகை, மறுபக்கம் பொன்மஞ்சளாய் மினுங்கிக்கொண்டு வரும். எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காத காட்சி!

அந்த அழகையும் மிஞ்சிய வரம், ஒரே சீரான தடிப்பு. ஒரு மேசைக்கு வேண்டிய பலகைகள் எல்லாம் நூல் பிசகாமல் ஒரே அளவில் வருவதற்கு, கைச்சீவுளியோடு தேர்ந்த தச்சரும் நெடுநேரம் மாரடிக்க வேண்டும். தடிப்பு ஒத்துவந்தால் பொருத்து இறுகும், லாச்சி இடறாமல் ஓடும். 1828இல் அமெரிக்காவின் வில்லியம் வுட்வேர்த் பலகை சீவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆலைகளுக்கே உரித்தாயிருந்த அந்தச் சுகம், இன்று மேசைமேல் வைக்கும் அளவில், வீட்டு மின்சாரத்திலேயே கிடைக்கிறது. 12 அங்குல அகலப் பலகையும் நுழையும்.

மெசினின் குணமறிந்து வேலை வாங்க வேண்டும். முதிரையும் பாலையும் வைரம் பாய்ந்த மரங்கள், ஒரு ஓட்டத்துக்கு அரை மில்லிமீற்றர் போதும். ரேகை ஓடும் திசை பார்த்து விட்டால் பிய்யாது. முறுக்கிய பலகையை உருளை அமுக்கிப் பிடிக்கும், வெளியே வந்ததும் அது பழையபடி முறுக்கிக்கொள்ளும். அதனால் ஒரு முகத்தை முதலில் சீவுளியால் மட்டப்படுத்துங்கள். இரு முனைகளிலும் கத்தி சற்று ஆழமாய்ப் பதிவதுண்டு. பலகையை ஒவ்வொரு முனையிலும் மூன்று அங்குலம் நீளமாகவே விட்டு, பிறகு அறுத்துவிடுங்கள்.

எங்கள் வன்னிப் பகுதி மரத்துக்கு இன்னொரு கவனமும் வேண்டும். போர் நடந்த மண்ணில் வளர்ந்த மரத்துக்குள் ஷெல் துண்டும் சன்னமும் புதைந்திருக்கலாம், பழைய பலகையில் ஆணி இருக்கும். உலோகம் காட்டும் கருவியால் தடவிப் பார்க்காமல் மெசினுக்குக் கொடுக்காதீர்கள். முதிரைத் தூள் தோலில் அரிப்பு தரும், மெசினும் இரையும்; முகக்கவசமும் காதடைப்பும் கட்டாயம்.

பழைய கதவு, யன்னல் பலகைகளை அடுப்புக்குப் போடாதீர்கள். பிளேனர் வைத்திருப்பவரிடம் ஒருமுறை கொண்டுபோய்ச் சீவிப் பாருங்கள். வீட்டு மரவேலையில் ஆசை உள்ளவர் ஒரேயொரு மெசின்தான் வாங்க முடியும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கலாம்!