டாக்கருக்குள் ஜூபிடர்

ஜூபிடர் டாக்கர் ஸ்டாக்ஸ் என்பது ஜூபிடர் திட்டத்தாரே பராமரித்து வெளியிடும் ஆயத்த இமேஜ்களின் தொகுப்பு. பைத்தானும் நோட்புக் சர்வரும் உள்ளேயே இருப்பதால், லினக்ஸ் கணினியில் டாக்கர் இருந்தால் போதும். கணினியின் சொந்தப் பைத்தானைத் தொட வேண்டியதில்லை. வெறும் சர்வர் மட்டும் உள்ள பேஸ்-நோட்புக், பாண்டாஸ் முதலிய நூலகங்கள் சேர்ந்த சைபை-நோட்புக், ஆர், ஜூலியா மொழிகளும் கொண்ட டேட்டாசயின்ஸ்-நோட்புக் என இவை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டப்பட்டவை. பெரும்பாலான வேலைக்கு சைபை-நோட்புக் போதும். 2023 அக்டோபருக்குப் பிறகு புதிய இமேஜ்கள் க்வே களஞ்சியத்தில்தான் வெளியாகின்றன. பழைய வழிகாட்டியைப் பார்த்து டாக்கர் ஹப்பிலிருந்து இறக்கினால் பிழைச் செய்தி ஏதும் வராது. காலாவதியான பதிப்பு சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

நிறுவுவது ஒரே கட்டளை. 8888 போர்ட்டைத் திறந்து, வேலைக் கோப்புறையை உள்ளே இணைத்தால், டோக்கனுடன் கூடிய முகவரி லாகில் தெரியும். இங்கே ஒரு பொறி உண்டு. போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தால் டாக்கர் அதை எல்லா வலையமைப்புக்கும் திறந்துவிடுகிறது. அதற்கான விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால் உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ தடுப்பும் பலிக்காது. நோட்புக்கைத் திறக்க முடிந்தவர் கன்டெய்னருக்குள் எந்தக் கட்டளையையும் இயக்கலாம் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. 127.0.0.1 என்ற முகவரியோடு மட்டும் போர்ட்டைக் கட்டி, வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியே வருவதே சரி.

அதிகம் படுத்துவது கோப்பு உரிமை. உள்ளே இயங்கும் பயனர் 'ஜோவியன்'. எண் 1000, குழு 100. சொந்த மடிக்கணினியில் முதல் பயனரின் எண்ணும் பெரும்பாலும் 1000 என்பதால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பலர் கணக்கு வைத்திருக்கும் சர்வரில் எண் வேறாக இருந்தால் நோட்புக்கைச் சேமிக்கவே முடியாது. கோப்புறையை எல்லோருக்கும் திறந்து 777 ஆக்குவது சோம்பேறி வைத்தியம். கன்டெய்னரை ரூட்டாகத் தொடங்கி, தன் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் சூழல் மாறிகளாகக் கொடுத்தால், தொடக்க ஸ்கிரிப்ட் ஜோவியனின் எண்களை மாற்றிவிட்டு ரூட் அதிகாரத்தையும் கைவிடும். இந்த ஏற்பாடு இமேஜிலேயே இருப்பது பாராட்டத்தக்கது. புதியவர் கண்ணில் எளிதில் படாதது குறை. டாக்கருக்கு மாற்றான பாட்மேனை ரூட் இல்லாமல் இயக்கினால் எண்கள் இன்னொரு முறை இடம் மாறுவதால், அதற்குரிய 'கீப்-ஐடி' விருப்பத்தில் 1000, 100 என்ற எண்களைத் தனியே குறிப்பிட வேண்டும். எஸ்இலினக்ஸ் இயங்கும் ஃபெடோராவில் இணைக்கும் கோப்புறைக்கு லேபிள் மாற்றமும் தேவை.

நோட்புக்கிலிருந்தே பிப் கொண்டு நிறுவிய நூலகம் வாடகை வீட்டில் அடித்த பரண் மாதிரி: கன்டெய்னரை நிறுத்தி மறுபடி இயக்கினால் இருக்கும், நீக்கிப் புதிதாக உருவாக்கினால் போய்விடும். எனவே நிரந்தரமாக வேண்டியவற்றை, ஆயத்த இமேஜை அடித்தளமாகக் கொண்ட ஒரு டாக்கர்ஃபைலில் எழுதி பில்ட் செய்துகொள்ள வேண்டும். அடித்தளத்துக்கு 'லேட்டஸ்ட்' குறியைவிட தேதிக் குறி நல்லது. ஆறு மாதம் கழித்து பில்ட் செய்தாலும் அதே அடித்தளம் கிடைக்கும். புதுப்பிக்க நினைக்கும்போது தேதியை மாற்றி, மீண்டும் பில்ட் செய்து, பழைய கன்டெய்னரை அகற்றிப் புதியதை இயக்க வேண்டும். இமேஜை இறக்குவதால் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர் மாறாது.

பராமரிப்பில் மிச்சம் இருப்பது வட்டும் நினைவகமும். பழைய இமேஜ்கள் ஒவ்வொன்றும் கிகாபைட் கணக்கில் தங்கிவிடும். அவ்வப்போது களைய வேண்டும். டாக்கரின் இயல்பான லாக் கோப்புக்கு அளவு வரம்பு கிடையாது, அதையும் அமைக்க வேண்டும். நினைவக வரம்பு வைத்தால் பெரிய தரவை ஏற்றும்போது நோட்புக்கின் கெர்னல் மட்டும் செத்து மறுபடி எழும். வைக்காவிட்டால் கணினியே திணறும். முன்னதே மேல்.

ஒரு டோக்கனைப் பலர் பகிரும் இடத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அங்கே ஜூபிடர்ஹப் வேண்டும். டாக்கர்ஸ்பானர் மூலம் அது இதே இமேஜ்களை ஆளுக்கொரு கன்டெய்னராகத் திறந்து கொடுக்கும்.